பொட்டிப்புரம் திட்டம் உயிரோடு இருக்கிறதா? அணுசக்தித் துறைக்கு ஒரு திறந்த மடல்

அணுசக்தித் துறையின் செயலர் அவர்களுக்கும், பொட்டிப்புரத்தில் அமையவிருந்த இந்திய நியூட்ரினோ ஆய்வகத் திட்டத்தில் உழைத்த அறிவியலாளர்களுக்கும் வணக்கம்.

2025 ஆகஸ்ட் 26ஆம் தேதி சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில், தரைக்கு 700 மீட்டர் கீழே, ஜூனோ என்ற நியூட்ரினோ கண்டறிவி முறைப்படி தரவு சேகரிக்கத் தொடங்கியது. நவம்பரில் முதல் முடிவுகளும் வந்துவிட்டன. வெறும் 59 நாள் தரவுதான். அதை வைத்தே, நியூட்ரினோ அலைவு (நியூட்ரினோ ஒரு வகையிலிருந்து இன்னொரு வகையாக மாறுவது) சம்பந்தப்பட்ட இரண்டு அளவுகளை, இதுவரை உலகம் முழுக்கச் செய்த அளவீடுகளை எல்லாம் சேர்த்தாலும் எட்டாத துல்லியத்தில் சொல்லிவிட்டார்கள். முந்தைய துல்லியத்தைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல்.

இதை நான் உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உங்களில் பலர் அந்தக் கட்டுரையை வெளிவந்த அன்றே படித்திருப்பீர்கள். நான் கேட்க வந்தது வேறு. இந்தச் செய்திக்கும் தேனி மாவட்டத்துப் பொட்டிப்புரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று தமிழ்நாட்டு மக்களுக்கு யார் சொல்வது? நீங்கள் சொல்லவில்லை. திட்டத்தை எதிர்த்தவர்களும் சொல்லவில்லை. பத்திரிகைகள் சீனாவின் சாதனை என்று ஒரு பத்தி போட்டுவிட்டு நகர்ந்துவிட்டன. ஆனால் சம்பந்தம் இருக்கிறது, அதுவும் மிக நேரடியாக.

2015 ஜனவரியை நினைத்துப் பாருங்கள். மாதத்தின் முதல் வாரத்தில், பொட்டிப்புரம் நியூட்ரினோ ஆய்வகத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த செய்தி வந்தது. மதிப்பீடு சுமார் 1,500 கோடி ரூபாய். அதே மாதம் 10ஆம் தேதி, குவாங்டாங்கில் ஜூனோவுக்குப் பூமி பூஜை மாதிரி ஒரு தொடக்க விழா நடந்தது. ஐந்தாறு நாள் இடைவெளி, அவ்வளவுதான். இரண்டு திட்டங்களும் தலைவாசலில் எழுதி வைத்திருந்த கேள்வியும் ஒன்றேதான்: நியூட்ரினோக்களின் நிறை வரிசை என்ன?

இந்த மடலை இயற்பியல் படிக்காதவர்களும் படிக்கக்கூடும் என்பதால் அந்தக் கேள்வியைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். நியூட்ரினோ என்பது ஒரு நுண்துகள், நம்மைச் சுற்றி எங்கும் இருக்கிறது. கட்டைவிரல் நகம் அளவுள்ள இடத்தின் வழியாகச் சூரியனிலிருந்து மட்டும் நொடிக்குச் சுமார் 6,500 கோடி நியூட்ரினோக்கள் போகின்றன. இரவிலும் போகின்றன, பூமியைத் துளைத்துக்கொண்டு கீழிருந்து மேலாக. மின்னூட்டம் கிடையாது, எதனோடும் கிட்டத்தட்ட ஒட்டுவதே இல்லை. 1930இல் பாலி என்ற இயற்பியலாளர் கதிரியக்கச் சிதைவில் ஆற்றல் கணக்கு இடிக்கிறதே என்று ஊகித்த துகளை 1956இல்தான் ரெய்ன்ஸும் கோவனும் கண்டுபிடிக்க முடிந்தது. இதற்கு நிறையே இல்லை என்றுதான் வெகுகாலம் பாடம் நடத்தினார்கள். 1998இல் ஜப்பானின் சூப்பர்-கமியோகாண்டே, பிறகு கனடாவின் சட்பரி ஆய்வகம், இரண்டும் சேர்ந்து அதைத் திருத்தின. நியூட்ரினோ போகிற வழியிலேயே ஒரு வகையிலிருந்து இன்னொரு வகையாக மாறுகிறது. நிறை இல்லாமல் அப்படி மாற முடியாது. இதற்காகத்தான் 2015இல் கஜிதாவுக்கும் மெக்டொனால்டுக்கும் நோபல் பரிசு.

இப்போது மிச்சமிருக்கும் சிக்கல் இது. நியூட்ரினோவில் மூன்று நிறைநிலைகள் உண்டு. மூன்று சகோதரர்களில் இரண்டு பேருக்கு வயது நெருக்கம், ஒருவர் மட்டும் தள்ளி நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயது வித்தியாசம் எவ்வளவு என்று தெரிகிறது. ஆனால் தள்ளி நிற்பவர் மூத்தவரா, கடைக்குட்டியா என்று தெரியவில்லை. அதுதான் நிறை வரிசை. கேட்பதற்குச் சின்ன விஷயம். ஆனால் நியூட்ரினோவுக்கு நிறை எங்கிருந்து வந்தது, அண்டத்தில் பொருள் மட்டும் எஞ்சி எதிர்ப்பொருள் ஏன் காணாமல் போனது என்கிற பெரிய கேள்விகளுக்கான பாதை இதன் வழியாகத்தான் போகிறது. 2025 அக்டோபரில் அமெரிக்காவின் நோவா, ஜப்பானின் டி2கே ஆகிய நியூட்ரினோச் சோதனைகள் தரவுகளைச் சேர்த்து ஆராய்ந்து வெளியிட்ட முடிவிலும் இதற்கு உறுதியான விடை இல்லை.

பொட்டிப்புரத்தில் நீங்கள் வைக்கத் திட்டமிட்ட ஐகால் கண்டறிவி இந்தக் கேள்வியைத் தனி வழியில் அணுகியது. 50,000 டன்னுக்குமேல் இரும்பு, அதைக் காந்தமாக்கி, தகடுகளுக்கு நடுவே ஏறத்தாழ முப்பதாயிரம் கண்ணாடி உணர்விகளை அடுக்குவது. நியூட்ரினோ வந்து மோதினால் மியூவான் என்ற மின்னூட்டத் துகள் பிறக்கும். காந்தப் புலத்தில் அது எந்தப் பக்கம் வளைகிறது என்று பார்த்தால், வந்தது நியூட்ரினோவா எதிர்நியூட்ரினோவா என்று பிரித்துவிடலாம். நீர்த்தொட்டியும் பனிப்பாறையும் வைத்து நடக்கும் பெரிய சோதனைகள் இப்படி ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க முடியாது. அழகான யோசனை. இதில் எனக்கு இரண்டாம் கருத்து கிடையாது. இயற்பியல் வகுப்பில் லோரன்ஸ் விசை நடத்தும்போது இதைத்தான் இன்றும் உதாரணமாகச் சொல்கிறேன்.

சரி, அழகு வேறு, காலம் வேறு. ஐகாலின் திறனைப் பற்றி நீங்களே வெளியிட்ட ஆய்வறிக்கை சொல்வது என்ன? முழு 50,000 டன் கண்டறிவியும் பத்து ஆண்டுகள் ஓடினால் நிறை வரிசையைச் சுமார் மூன்று சிக்மா உறுதியில் (தற்செயலாக இருக்க ஏறத்தாழ ஆயிரத்தில் மூன்று வாய்ப்புதான் என்ற அளவில்) சொல்லலாம். ஜூனோவின் இலக்கும் ஏறத்தாழ ஆறு ஆண்டுத் தரவில் அதே மூன்று சிக்மாதான். அவர்களுடைய கடிகாரம் 2025 ஆகஸ்டில் ஓடத் தொடங்கிவிட்டது. நம்முடையது தொடங்கவே இல்லை. இன்று காலை எல்லா அனுமதியும் கிடைத்தாலும், சுரங்கம் தோண்டி, குகை வெட்டி, இரும்பு அடுக்கி முடிக்கப் பல ஆண்டுகள் ஆகும். அதற்குப் பிறகு பத்து ஆண்டு. அதற்குள் அமெரிக்காவில் 1,300 கிலோமீட்டர் தூரத்துக்கு நியூட்ரினோக் கற்றை அனுப்பும் டியூன் வந்துவிடும், ஜப்பானில் 2,60,000 டன் நீர் கொண்ட ஹைப்பர்-கமியோகாண்டே வந்துவிடும். மத்தியதரைக் கடலடியில் பிரான்சுக்கு அருகே ஓர்கா என்ற கண்டறிவி, நீங்கள் நம்பியிருந்த அதே வழியில், அண்டக்கதிர்கள் காற்றில் மோதிப் பிறந்து பூமியைத் துளைத்து வரும் வளிமண்டல நியூட்ரினோக்களை வைத்து இதே கேள்வியை ஏற்கனவே துரத்திக்கொண்டிருக்கிறது.

இதற்கு உங்கள் பதில் எனக்குத் தெரியும். ஜூனோ அணு உலை நியூட்ரினோவைப் பார்க்கிறது, ஐகால் வளிமண்டல நியூட்ரினோவைப் பார்க்கிறது, இரண்டும் ஒன்றையொன்று சரிபார்க்கும் என்பீர்கள். உண்மைதான். சரிபார்ப்பது அறிவியலில் கேவலமான வேலையும் இல்லை. ஆனால் 2015இல் மக்களிடம் நீங்கள் வைத்த வாதம் அது கிடையாது. உலகத்துக்கு முன்னால் இந்தியா விடை சொல்லப் போகிறது என்பதுதான் அன்றைய பேச்சு. அந்த வாதம் இன்று நிற்கவில்லை என்றால் அதை நீங்களே சொல்ல வேண்டாமா? ஒரு மலையைக் குடையச் சொன்ன காரணம் மாறிவிட்டது என்றால், அந்த மலையடிவாரத்தில் இருப்பவர்களுக்குத்தானே அதை முதலில் சொல்ல வேண்டும்?

ஜூனோவுக்கும் எல்லாம் சுலபமாக நடந்துவிடவில்லை. தோண்டும்போது நிலத்தடி நீர் பீறிட்டு வந்து வேலை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போனது. 2020 வாக்கில் தொடங்க நினைத்தது 2025இல்தான் தொடங்கியது. அங்கே மக்கள் வழக்குப் போடுகிற சூழலும் இல்லை என்பதை நான் மறக்கவில்லை. வழக்குப் போட முடிகிற நாட்டில் இருப்பதையே விரும்புகிறேன். அதனால்தான், தாமதத்துக்கு எல்லாம் போராட்டக்காரர்களே காரணம் என்று உங்கள் தரப்பில் சிலர் பேசும்போது எரிச்சல் வருகிறது.

திட்டம் நடந்து வந்த வழியைப் பார்ப்போம். முதலில் தேர்ந்தெடுத்த இடம் நீலகிரியில் சிங்காரா. முதுமலைப் புலிகள் காப்பகத்தின் ஓரம், யானைகள் போய்வரும் இடம். 2009 இறுதியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகமே முடியாது என்றது. அப்புறம் போடி மேற்கு மலை. இங்கே காடு வெட்ட வேண்டாம், மரம் குறைவு, பாறை உறுதியான சார்னோகைட் என்றார்கள். அது சரியான வாதம்தான். ஆனால் கேரளத்தின் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா ஐந்து கிலோமீட்டருக்குள் இருப்பது ஏன் முதலிலேயே பேசப்படவில்லை? 2015 மார்ச்சில், வைகோ தொடுத்த வழக்கில், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு இல்லாமல் வேலையைத் தொடங்கக் கூடாது என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடுத்தது. பூவுலகின் நண்பர்கள் என்ற சூழல் அமைப்பினர் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். 2017 மார்ச்சில் சுற்றுச்சூழல் அனுமதி நிறுத்தி வைக்கப்பட்டது. 2018 மார்ச்சில் அமைச்சகம் திரும்ப அனுமதி கொடுத்தது.

எப்படிக் கொடுத்தது என்பதில்தான் எல்லாம் கெட்டது. கட்டடக் கட்டுமானம் என்ற பிரிவில், சிறப்பு நேர்வாக. ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் சுரங்கம், அதன் கோடியில் 130 மீட்டருக்குமேல் நீளமான குகை, வெடி வைத்து வெளியே எடுக்கும் பாறை லட்சக்கணக்கான டன். இதை அடுக்குமாடிக் குடியிருப்போடு ஒரே பட்டியலில் சேர்த்தால் யார் நம்புவார்கள்? கதிரியக்கம் வரும், அணுக்கழிவு புதைப்பார்கள் என்ற புரளிகளைக்கூடப் பொறுமையாக விளக்கித் தீர்த்திருக்கலாம். இந்த ஒரு தாளை விளக்கித் தீர்க்க முடியவில்லை. தேவாரம் டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு சிக்மா தெரியாமல் இருக்கலாம். மலையைக் குடைவது வீடு கட்டுவதாகாது என்பது நன்றாகத் தெரியும்.

அதே 2018 நவம்பரில் தீர்ப்பாயம் அனுமதியை ஏற்றுக்கொண்டாலும், தேசிய வனவிலங்கு வாரியத்தின் ஒப்புதல் வேண்டும் என்றது. 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. அந்த ஆண்டே முதலமைச்சர் திட்டத்தைக் கைவிடுமாறு பிரதமரிடம் கோரினார். 2022 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரமே தாக்கல் செய்தது: பெரியாறு காப்பகத்தையும் மதிகெட்டானையும் இணைக்கும் புலி வழித்தடம், கொட்டகுடி ஆற்றின் நீர்ப்பிடிப்பு, எனவே அனுமதிக்க முடியாது. அதன் பிறகு உங்கள் பக்கத்திலிருந்து பொட்டிப்புரத்து மக்கள் கையில் எடுத்துப் படிக்கும்படி ஒரு தாள் வரவில்லை.

புரளி பற்றிச் சொன்னதால் எதிர்ப்பாளர்களுக்கும் ஒரு வார்த்தை. வானத்திலிருந்து வரும் நியூட்ரினோ யாரையும் கொன்றதில்லை, ஐகால் எதையும் உமிழும் கருவியும் கிடையாது. அது வெறுமனே பார்க்கும் கருவி. நீர், புலி, வெடி, மாநில உரிமை என்று நேர்மையான வாதங்கள் கையில் இருக்கும்போது, அணுகுண்டு என்று மேடையில் பேசியது அவசியமில்லாதது. ஆனால் வெளிநாட்டிலிருந்து இங்கே நியூட்ரினோக் கற்றை அனுப்பப் போகிறார்கள் என்ற பேச்சு ஒன்றுமில்லாததிலிருந்து கிளம்பவில்லை. உங்கள் திட்டத்தின் தொடக்ககால அறிக்கைகளில், இரண்டாம் கட்டமாக நியூட்ரினோத் தொழிற்சாலைக் (முடுக்கி வைத்து நியூட்ரினோக்களை உண்டாக்கும் நிலையம்) கற்றையைப் பெறும் வாய்ப்பு என்று நீங்களேதான் எழுதியிருந்தீர்கள். ஊர்க்காரர் அதைப் படித்துக் கேட்டதும், அப்படி எதுவும் இல்லை என்று ஒற்றை வரியில் சொன்னால் சந்தேகம் கூடத்தான் செய்யும்.

சரி, பழையது போகட்டும். இப்போது என் கோரிக்கைக்கு வருகிறேன். பொட்டிப்புரத்தை முறைப்படி விட்டுவிடுங்கள். பூச்சாடி வைத்து விழா எடுக்க வேண்டாம், ஓர் அரசாணை போதும். நிலுவையில் வைத்திருப்பதால் அறிவியலுக்கு ஒரு நன்மையும் இல்லை. மாறாக, தமிழ்நாட்டில் எந்தப் பெரிய அறிவியல் திட்டத்தின் பெயரை எடுத்தாலும் இந்த நிழல் விழுகிறது. வேலி போட்ட அந்த நிலத்தை என்ன செய்யப் போகிறீர்கள் என்பதையும் அதே ஆணையில் எழுதுங்கள். ஆடு மாடு மேய்த்த இடம் அது. திருப்பிக் கொடுப்பதானால் கொடுத்துவிடுங்கள்.

விடச் சொல்வது தோல்வியை ஒப்புக்கொள்ளச் சொல்வதாக உங்களுக்குப் படலாம். மதுரையில் நீங்களே செய்துவரும் வேலையைப் பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை.

மதுரையில் 2018 முதல் மினி-ஐகால் ஓடுகிறது. 85 டன் காந்த இரும்பு, பதினோரு அடுக்கு. எதிர்காலக் கண்டறிவியின் குட்டி மாதிரி. அதைச் சுற்றி ஒளிரும் பிளாஸ்டிக் பட்டைகளால் ஒரு கவசம் எழுப்பும் முயற்சியும் நடக்கிறது. இதன் முக்கியத்துவத்தை நீங்கள் மக்களிடம் ஏன் சொல்லவே இல்லை என்று எனக்குப் புரியவில்லை. வானத்திலிருந்து வரும் மியூவான் மழைதான் நியூட்ரினோ ஆய்வின் முதல் எதிரி; உள்ளங்கை அகலத்துக்கு நொடிக்கு ஒன்று வீதம் விழுந்துகொண்டே இருக்கிறது. அதைப் பத்து லட்சத்தில் ஒரு பங்காகக் குறைக்கத்தான் எல்லாப் பக்கமும் ஒரு கிலோமீட்டர் பாறை தேவைப்பட்டது, அதனால்தான் மேற்குத் தொடர்ச்சி மலை தேவைப்பட்டது. ஆனால் 100 மீட்டர் பாறையே மியூவானை நூறில் ஒன்றாகக் குறைத்துவிடும். மிச்சத்தில் பத்தாயிரத்துக்கு 9,999ஐக் கவசம் அடையாளம் கண்டு ஒதுக்கிவிட்டால் கணக்கு அதே பத்து லட்சத்துக்கு வந்துவிடுகிறது. மதுரையில் சோதிப்பது இதைத்தானே? இது வெற்றி பெற்றால் புலி வழித்தடத்துக்குப் பக்கத்தில் போக வேண்டிய அவசியமே இருக்காது. கைவிட்ட கல்குவாரி, சாதாரணக் குன்று, பயன்பாட்டில் இல்லாத சுரங்கம் என்று இடங்கள் நிறையத் திறக்கும்.

மலை வேண்டாம் என்று மக்கள் சொன்னார்கள். மலை இல்லாமலும் முடியலாம் என்று உங்கள் ஆய்வுக்கூடமே தேடிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துப் பேசவே இல்லை. இந்தத் திட்டத்தின் கதையில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான், ஜூனோ முந்தியதுகூட இல்லை.

சுரங்கம் என்றதும் கோலாரைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1965இல் வளிமண்டல நியூட்ரினோவை உலகில் முதன்முதலாகப் பதிவு செய்த இரண்டு இடங்களில் ஒன்று கோலார் தங்க வயல். மற்றது தென்னாப்பிரிக்காவில் ரெய்ன்ஸ் குழு இறங்கிய தங்கச் சுரங்கம். கோலாரில் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், டாட்டா ஆய்வு நிறுவனம், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹம் மூன்றும் சேர்ந்து செய்த வேலை. கட்டுரையை அச்சேற்றுவதில் சில வார வித்தியாசத்தில் இந்தியக் குழு முந்திக்கொண்டது. எம்.ஜி.கே. மேனன், பி.வி. ஸ்ரீகண்டன் பெயர்கள் புத்தகங்களில் இருக்கின்றன. கருவிகள் இறங்கிய அந்தச் சுரங்கத்தைத் தலைமுறை தலைமுறையாகத் தோண்டியவர்களில் பெரும்பாலோர் வட ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து போன தமிழர்கள். அவர்கள் பெயர்கள் எங்கும் இல்லை. தங்கம் கட்டுப்படியாகவில்லை என்று 2001இல் சுரங்கத்தை மூடினார்கள், தண்ணீர் நிரம்பியது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே ஆய்வு நின்றுபோயிருந்தது. உலகத்தில் மிகச் சிலரிடமே இருந்த ஆழம் கையில் இருந்தபோது அதைக் காப்பாற்ற யாரும் முயலவில்லை. பிறகு புதிதாக ஒரு மலையைத் தேடி இருபது ஆண்டு அலைந்தோம். இந்தக் கணக்கையும் யாராவது ஒருநாள் எழுத வேண்டும்.

அடுத்து என்ன செய்யலாம் என்பதற்கு உதகையைப் பாருங்கள். 2,200 மீட்டர் உயரத்தில், விண்வெளியிலிருந்து வரும் அண்டக்கதிர்களை ஆராயும் கிரேப்ஸ்-3. சுமார் 400 ஒளிர்வுக் கண்டறிவிகள் ஒரு சரிவில் பரவிக் கிடக்கின்றன. பக்கத்தில் 560 சதுர மீட்டர் மியூவான் தொலைநோக்கி, 3,712 குழாய்களால் ஆனது. சுற்றுலாப் பயணிகளுக்கு இது இருப்பதே தெரியாது, தொட்டபெட்டாவோடு திரும்பிவிடுகிறார்கள். 2014 டிசம்பர் 1ஆம் தேதி மேலே ஒரு இடிமேகம் போனபோது மியூவான் எண்ணிக்கை குறைந்ததைக் கவனித்து, அந்த மேகத்துக்குள் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்தது என்று கணக்கிட்டார்கள். இடிமேகத்துக்குள் நூறு கோடி வோல்ட் இருக்கக்கூடும் என்ற ஊகம் ஏறத்தாழ நூறு ஆண்டு பழையது. அதற்கு முதல் சான்று நம் உதகையிலிருந்து, 2019இல் வெளியானது. 2024இல் இன்னொன்று: அண்டக்கதிர் புரோட்டான்களின் ஆற்றல் பரவலில், நூறு லட்சம் கோடி எலெக்ட்ரான் வோல்ட்டைத் தாண்டிய இடத்தில், யாரும் எதிர்பாராத ஒரு வளைவு. இந்தக் கதிர்கள் எங்கே பிறக்கின்றன, எப்படி முடுக்கப்படுகின்றன என்ற கேள்வியை அந்த வளைவு திரும்பவும் கிளறிவிட்டது.

இதற்கு மலையைக் குடையவில்லை, வழக்கு இல்லை, ஊர்வலம் இல்லை. பொட்டிப்புரத்துக்கு ஒதுக்கிய தொகையில் ஒரு சிறு பகுதியை வைத்தே உதகைத் தளத்தைப் பல மடங்கு பெரிதாக்கலாம். சீனாவில் திபெத்தியப் பீடபூமி விளிம்பில் லாசோ என்ற தளம் ஒரு சதுர கிலோமீட்டருக்குமேல் விரிந்து கிடக்கிறது. அந்த அளவுக்கு வேண்டாம். ஆனால் நமக்கு ஓர் அனுகூலம் உண்டு, நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருக்கிறோம். வட வானத்தையும் தென் வானத்தையும் இங்கிருந்து சேர்த்துப் பார்க்க முடியும். திபெத்திலிருந்து இந்த அளவுக்கு முடியாது.

இன்னும் தூரமாக யோசித்தால் கடல் இருக்கிறது. 2023 பிப்ரவரி 13ஆம் தேதி, சிசிலிக்கு அருகே 3,450 மீட்டர் ஆழத்தில், கேஎம்3நெட் கண்டறிவியின் பாதிகூட முடியாத கட்டமைப்பில் ஒரு நியூட்ரினோவின் தடம் பதிவானது. ஆற்றல் சுமார் 220 பீட்டா எலெக்ட்ரான் வோல்ட். ஜெனிவாவின் எல்.எச்.சி. துகள் முடுக்கி ஒரு புரோட்டானுக்குக் கொடுக்கும் ஆற்றலைப்போல் முப்பதாயிரம் மடங்கு. எங்கிருந்து வந்தது என்று இன்னும் தெரியவில்லை. தென்துருவப் பனிக்குள் 5,160 உணர்விகளோடு இருக்கும் ஐஸ்கியூப், தூரத்து விண்மீன் மண்டலங்களிலிருந்தும் நம் பால்வீதியிலிருந்தும் வரும் நியூட்ரினோக்களைப் பார்த்துவிட்டது. வானியலும் துகள் இயற்பியலும் இனித் தனித்தனித் துறைகளாக இருக்கப் போவதில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். பைக்கால் ஏரியில் ரஷ்யா, பசிபிக்கில் கனடா, தென்சீனக் கடலில் சீனா என்று ஆளாளுக்கு நீருக்குள் இறங்குகிறார்கள். இந்தியப் பெருங்கடலில் ஒன்றும் இல்லை.

சென்னைப் பள்ளிக்கரணையில் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் 6,000 மீட்டர் ஆழத்துக்கு மனிதரை அனுப்ப மத்ஸ்யா வாகனத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறது. அந்தப் பொறியாளர்களும் நீங்களும் ஒரே மேசையில் உட்கார்ந்ததுண்டா? வங்காள விரிகுடாவில் கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டுவந்து கொட்டும் வண்டலால் நீர் கலங்கலாக இருக்கலாம், குமரிக்குத் தெற்கே தெளிவாக இருக்கலாம். நியூட்ரினோ மோதலில் எழும் மங்கிய ஒளியைத்தான் இந்தக் கண்டறிவிகள் பார்க்கின்றன என்பதால், ஒளி எவ்வளவு தூரம் ஊடுருவுகிறது என்று நாலைந்து இடத்தில் கருவி இறக்கி அளந்து பார்க்கலாமே. அதற்கு ஆயிரம் கோடி வேண்டாம். மீனவர் சங்கங்களோடு முதல் நாளிலிருந்தே பேசுங்கள், சிங்காராவும் பொட்டிப்புரமும் கற்றுக் கொடுத்தது அதைத்தான். அளந்த பிறகு முடியாது என்று தெரிந்தால் அதையும் வெளியிடுங்கள்.

மாணவர்களைப் பற்றியும் கேட்க வேண்டும். 2008 முதல் இந்திய நியூட்ரினோ ஆய்வகத்தின் முனைவர் பட்டப் பயிற்சியில் சேர்ந்து படித்தவர்கள் பலர். உணர்விகள் செய்யவும், மின்னணுச் சுற்றுகள் வடிவமைக்கவும், தரவு பகுக்கவும் அவர்களுக்குத் தெரியும். வராத கண்டறிவிக்கு எத்தனை ஆய்வேடுதான் கணினிப் பாவனையில் எழுதுவது? பலர் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் நன்றாக வேலை செய்கிறார்கள். அதில் குறையில்லை. அமெரிக்காவின் ஃபெர்மி ஆய்வகத்தின் பிப்-2 முடுக்கிக்கு உங்கள் துறையே பாகங்கள் செய்து கொடுக்கிறது. டியூனுக்கான கற்றை அதிலிருந்துதான் கிளம்பப் போகிறது. நிறை வரிசைக்கான விடை கிடைக்கும் நாளில் அதில் நம் உழைப்பும் கொஞ்சம் இருக்கும். அப்படி என்றால் வெளிநாட்டுக் கூட்டுச் சோதனைகளில் பங்கு, உள்நாட்டில் உதகையும் மதுரையும், அப்புறம் கடல் அளவீடு என்று ஒரு திட்டத்தை வெளிப்படையாக எழுதி வையுங்கள். இப்போது எம்.எஸ்சி. முடிக்கும் ஒரு மாணவி என்னிடம் வந்து, சார், நியூட்ரினோவில் ஆய்வு செய்ய இங்கே என்ன இருக்கிறது என்று கேட்டால் நான் காட்ட ஒரு தாளாவது இருக்கட்டும்.

மதுரையின் மினி-ஐகாலைப் பள்ளிக் கல்லூரி மாணவர்களுக்கு ஒழுங்காகத் திறந்து விடுங்கள். அறிவியல் தினத்தன்று மட்டும் போதாது. போடியிலிருந்து மதுரைக்கு இப்போது ரயிலே ஓடுகிறது. பொட்டிப்புரத்துப் பிள்ளைகளை முதலில் கூப்பிடுங்கள். மியூவான் வளையும் தடத்தைத் திரையில் பார்த்த பிள்ளை, வீட்டில் போய்ச் சொல்வதை நீங்கள் எத்தனை துண்டறிக்கை அடித்தாலும் சொல்ல முடியாது.

பதில் எழுதினால் தமிழில் எழுதுங்கள், தேதியும் பொறுப்பானவர் கையெழுத்தும் இருக்கட்டும். ஒரு பிரதியைப் பொட்டிப்புரம் ஊராட்சிக்கும் ஒன்றை மாவட்ட ஆட்சியருக்கும் அனுப்புங்கள். நிலம் யாருக்கு, ஐகால் எங்கே அல்லது ஏன் இல்லை, கவசச் சோதனை எந்த நிலையில் இருக்கிறது, உதகைக்கு எவ்வளவு ஒதுக்கீடு என்ற நான்கும் அதில் இருந்தால் போதும்.

இப்படிக்கு,
தேனி மாவட்டத்தில் இயற்பியல் பாடம் நடத்தும் ஓர் ஆசிரியர்